வேல் விற்பது குற்றமா?



இயங்கலைச் சந்தையில் பொருள் விற்கும் பெற்றோர் நம் தமிழ்ப்பள்ளிகளில் இன்று நிறையவே உள்ளனர். முறுக்கு, மசாலைத்தூள், பாவாடை சட்டை, பயிற்சி நூல், பூசைப்பொருள் என வீட்டுக் கூடத்தையே கடையாக்கிக் கொண்டவர்கள் அவர்கள். பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணம் அந்த வருமானத்திலிருந்துதான் வருகிறது. அத்தகைய ஒருவரின் விளம்பரத்தைத் தவறாக முடக்கிவிட்டு, முடக்கியதற்கான காரணத்தை அவருக்குப் புரியும்படி சொல்லாமலிருக்க எந்தத் தளத்திற்கும் உரிமை இருக்கக்கூடாது என்பது என் கருத்து. முடக்கப்பட்டவர்களும் அதைத் தலைவிதியென்று ஏற்று ஒதுங்கக்கூடாது.

என் மாணவி ஒருத்தியின் தாயார் பூசைப்பொருள் விற்பவர். 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11-ஆம் நாள் வந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் 60 பித்தளை வேல்களைக் கைக்காசு போட்டு வாங்கி விளம்பரம் செய்தார். பூசையறையில் நிறுத்தி வைக்கும் ஆறு அங்குல வேல். அதைக் கொண்டு ஒரு தேங்காயைக்கூட உடைக்க இயலாது. இரண்டாம் நாளே விளம்பரம் முடங்கியது. “தடை செய்யப்பட்ட பொருள்: ஆயுதம்” என்ற ஒற்றை வரியே காரணமாக வந்தது. மேல்முறையீடு செய்தார், அதே வரி திரும்பி வந்தது. மீண்டும் செய்தார், மீண்டும் அதே வரி. ஒருவழியாக விளம்பரம் உயிர்பெற்றபோது, பத்துமலையில் கூட்டம் கலைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. திருவிழா முடிந்தபின் வேலை யார் வாங்குவார்?

இலட்சக்கணக்கான விளம்பரங்களை மனிதர் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. மென்பொருள்தான் சொல்லையும் படத்தையும் வைத்து வடிகட்டுகிறது என்பது எனக்கும் தெரியும். கூர்மையான முனை, உலோகப் பளபளப்பு, நீண்ட காம்பு ஆகியவற்றைக் கண்டதும் அது ஈட்டியென்று முடிவு கட்டிவிடுகிறது. (புறநானூற்று வேல் வேறு, பூசையறை வேல் வேறு என்று அதற்கு யார் பாடம் நடத்துவது!) அதிலும் விளக்கம் தமிழில் மட்டும் இருந்தால் பொறிக்கு மேலும் குழப்பம். முதல் தவற்றை மன்னிக்கலாம். மேல்முறையீட்டையும் அதே பொறியிடம் கொடுத்து அதே விடையை வாங்கி அனுப்புவதைத்தான் மன்னிக்க இயலவில்லை. நாம் விடைத்தாளில் சிவப்பு மையால் தவறென்று குறித்தால், “ஏன் சார்?” என்று மாணவன் கேட்பான். விளக்கம் சொல்லியே ஆகவேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாம் தரும் மதிப்பை, முதல் போட்டு வணிகம் செய்யும் ஒரு தாய்க்கு இத்தளங்கள் தருவதில்லை.

எல்லா முடக்கமும் அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றோர் புலனக் குழுவில் ஒருவர், தம் மூலிகை எண்ணெய் விளம்பரத்தை நீக்கிவிட்டார்கள் என்று கொதித்தார். அதில் ‘நீரிழிவைக் குணப்படுத்தும்’ என்று எழுதியிருந்தார். நம் நாட்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம் 1956, நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா உள்ளிட்ட 20 நோய்களைத் தீர்க்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அங்கே தளம் செய்தது சரி. வேலுக்கும் இந்த எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை உணராமல் ‘தமிழன் என்பதால் முடக்கிவிட்டார்கள்’ என்று குமுறுவதால் நம் உண்மையான வழக்கும் வலுவிழக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வழி கண்டிருக்கிறது. அங்கு 2020 ஜூலை 12 முதல் நடப்பிலுள்ள 2019/1150 எண் விதியின்படி, வணிகரின் பொருளை முடக்கும் தளம் எந்த நிகழ்வுக்காக, தன் விதிகளில் எந்தப் பிரிவின்கீழ் முடக்கியது என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடப்புக்கு வந்த மின்னிலக்கச் சேவைகள் சட்டமோ, முறையீட்டைப் பொறி மட்டுமே தீர்ப்பது கூடாது என்கிறது. நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 வாங்குவோருக்காக எழுந்தது. 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கைக் கேட்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் விற்பவர், தம் வணிகத்திற்காக வழக்காட இயலாது. வாங்குவோரைக் காப்பது தேவைதான். ஆனால் இன்று சிறு விற்பனையாளரும் தளத்தின் முன் ஏறக்குறைய அதே நிராதரவான நிலையில்தான் நிற்கிறார். இதை நம் மக்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் எழுப்பவேண்டும்.

அதுவரை என்ன செய்வது? முடக்கப்பட்ட விளம்பரத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள். விதியை ஏய்க்கும் முயற்சியாகவே அதனைத் தளங்கள் கருதக்கூடும். கணக்கே பறிபோகும் ஆபத்துண்டு. சிலர் ‘வே.ல்’ என்று நடுவே புள்ளி வைத்து எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது எனக்கு அறவே பிடிக்கவில்லை. குற்றம் செய்யாதவர் ஏன் ஒளியவேண்டும்? மேலும், ‘வேல்’ என்று தேடுகின்ற பக்தருக்கு அந்த விளம்பரம் அகப்படவே அகப்படாது.

முடக்க அறிவிப்பு வந்தவுடன் திரையைப் படம்பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். முறையீட்டில் அழுகையும் வேண்டாம், வசையும் வேண்டாம். விளம்பர எண், முடக்கிய நாள், அவர்கள் காட்டிய விதி, அவ்விதி இப்பொருளுக்கு ஏன் பொருந்தாது என்பதை நான்கே வரிகளில் எழுதுங்கள். அடிக்கோலை அருகில் வைத்து எடுத்த படம் ஒன்றும் பூசை மேடையில் வைத்து எடுத்த படம் ஒன்றும் இணையுங்கள். பொருளைச் சமயப்பொருள் பிரிவில் சேர்த்து, ‘அலாட் செம்பாயாங் ஹிண்டு’ என்று மலாயிலும் அதன் ஆங்கில விளக்கத்தையும் எழுதுங்கள். அதற்காகத் தமிழ் விளக்கத்தை எடுத்துவிட வேண்டாம். மேலே தமிழ் இருக்கட்டும், கீழே மற்ற இரண்டும் இருக்கட்டும். திருவிழாப் பொருளாயின் ஆறு வாரங்களுக்கு முன்பே விளம்பரத்தை ஏற்றிவிடுங்கள்; முடங்கினாலும் முறையிட நாள் இருக்கும்.

ஆசிரிய நண்பர்களே, முறையான கடிதம் எழுதத் தெரியாமல் தயங்கும் பெற்றோர் நம் பள்ளிகளிலேயே உள்ளனர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, தேசிய மொழியில் ஒரு மாதிரி முறையீட்டை எழுதிக் காட்டலாம். எங்கள் பள்ளியில் அதற்கான படிவத்தை நான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் மின்னஞ்சல் வழி கேட்டால் அனுப்பி வைப்பேன்.