ஃப்ளாஷ் வேண்டாம், அந்த விளக்கே போதும்

போன தை மாசம் பெரியப்பா பொண்ணு கல்யாணம். முகூர்த்தம் காலை 4.30–6. ஊர்க் கோயில் மண்டபம், ரெண்டு குத்துவிளக்கு, தூணுக்கு ஒரு மஞ்சள் பல்பு. அவ்வளவுதான் வெளிச்சம். புக் பண்ணியிருந்த போட்டோகிராபர் ஃப்ளாஷை நேரா முகத்துலயே அடிச்சார். ஆல்பம் வந்ததும் பார்த்தா, எல்லார் முகமும் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு. பின்னாடி ஒரே இருட்டு. அங்கே விளக்கு எரிஞ்சதுக்குச் சாட்சியே இல்லை.

நானும் ஹாஸ்டல் நண்பனோட கேமராவோட அங்கேதான் நின்னேன். ஃப்ளாஷ் போடலை. ஆனா "ஐஎஸ்ஓவை 800க்கு மேல ஏத்தாதே, புள்ளி புள்ளியா வரும்"னு யாரோ சொன்னதை வேதவாக்கா எடுத்துக்கிட்டேன். கிட் லென்ஸ், எஃப் 5.6. கேமரா பாவம், ஷட்டரை 1/10 நொடிக்கு இழுத்துடுச்சு. கெட்டிமேளம் முழங்கினப்போ பெரியப்பா துண்டால கண்ணைத் துடைச்சார். அவர் அழுது நாங்க யாரும் பார்த்ததே இல்லை. என் படத்துல அவர் முகம் வெறும் புகை.

ஐஎஸ்ஓ 6400 வெச்சிருந்தா அதே லென்ஸ்லயே 1/80 கிடைச்சிருக்கும். இசிஇ படிச்சுட்டு இது எனக்குத் தோணலை! நாய்ஸுக்கு முக்கியக் காரணம் ஐஎஸ்ஓ நம்பர் இல்லை, சென்சாருக்கு வந்து சேர்ற வெளிச்சம் கம்மியா இருக்கிறதுதான். புள்ளி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அதை அப்புறம் மென்பொருள்ல குறைச்சுக்கலாம். அசைஞ்சு அழிஞ்ச முகத்தை என்ன பண்றது?

கையில காசு இருந்தா ஒரு 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்க. 5.6ஐ விடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரு சிக்கல், பொண்ணு கண்ணுல ஃபோகஸ் வெச்சா பக்கத்துல மாப்பிள்ளை மங்கிடுவார். ரெண்டு பேரும் தெளிவா வேணும்னா கொஞ்சம் பின்னாடி நகர்ந்து எடுக்கணும். சீரியல் லைட்டு, எல்இடி இருக்கிற மண்டபத்துல ஷட்டரை 1/100லயே வைங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுக்கும். அதைவிட வேகமாப் போனா படத்துல பட்டை பட்டையா விழலாம்.

ரிசப்ஷன் மேடையில வரிசையா நிக்கிற சொந்தக்காரங்களுக்கு ஃப்ளாஷ் போடட்டும், அதுல எனக்குச் சண்டை இல்லை. தாலி கட்டுற அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் அணைச்சு வைங்கன்னுதான் கேட்கிறேன்.

போன வாரம் அக்கா வாட்ஸ்அப்ல கேட்டா, "அப்பா அழுத போட்டோ உன்கிட்ட இருக்காடா?" இருந்ததை அனுப்பினேன்.

"இதுல அப்பா யாருடா?"ன்னு பதில் வந்துச்சு.