மூன்று மாதத்தில் சான்றிதழ் கிடைக்கலாம்... சிலம்பம் கிடைக்குமா?

விடிவதற்கு முன்பே தேவாரம் விழித்துக்கொள்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குக் கேரள மலைப்பக்கம் போகும் ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை என மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களில் இது அன்றாடக் காட்சி.

ஏலச்செடியைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நட்ட வருடமே அது காய்த்துவிடாது. நல்ல காய்ப்பைப் பார்க்க மூன்று வருடமாவது பொறுக்க வேண்டும். காய்க்க ஆரம்பித்த பிறகும், ஒரே சரத்தில் உள்ள காய்கள் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் பார்த்து எடுத்து, மற்றதை அடுத்த எடுப்புக்கு விட வேண்டும். எது காய், எது பிஞ்சு என்று கை பழகவே நாள் பிடிக்கும்.

செடிக்குக் காட்டும் இந்தப் பொறுமை, பிள்ளையைச் சிலம்பம் வகுப்பில் சேர்க்கும்போது காணாமல் போய்விடுகிறது. "மாஸ்டர், எத்தனை மாசத்துல சர்டிஃபிகேட் கிடைக்கும்?" என்பதுதான் பலரிடமிருந்து வரும் முதல் கேள்வி.

கேட்பவர்களையும் குறை சொல்ல முடியாது. தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. திருவிழாவில் மட்டும் சுற்றிய கம்புக்கு இன்று காகித மதிப்பும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால், ஒரே ஆசானிடம் பல வருடம் நின்று கற்பவருக்குக் கிடைப்பது எந்தச் சான்றிதழிலும் அச்சாகாது. அப்படி என்ன கிடைக்கிறது?

1. முதலில் கால்... பிறகுதான் கம்பு

புதிதாகச் சேரும் பிள்ளைக்குக் கம்பைக் கையில் வாங்கிச் சுழற்ற ஆசை. வாத்தியாரோ மண்ணைத் தொட்டு வணங்கச் சொல்லி, காலடியிலிருந்து ஆரம்பிப்பார். எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே, திரும்பும்போது உடம்பின் பாரம் எதன்மேல் என்று வாரக்கணக்கில் அதே வேலைதான்.

காரணம் எளிமையானது. சிலம்பக் கம்பு பெரும்பாலும் ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்கும். அவ்வளவு நீளக் கம்பை மணிக்கட்டு பலத்தால் மட்டும் சுழற்ற முடியாது. வேகம் காலிலும் இடுப்பிலும் பிறந்து கைக்கு வருகிறது. கால் தப்பினால் சொந்தக் கம்பே சொந்த முழங்காலைப் பதம் பார்க்கும்.

கேரளத்துக் களரிப்பயற்றிலும் இதே வரிசைதான். முதலில் உடம்பைப் பழக்கும் மெய்த்தாரி. பிறகு கோல்தாரி, அதன்பின் உலோக ஆயுதங்களுக்கான அங்கத்தாரி. இவற்றைத் தாண்டியவருக்கே வெறுங்கைப் பயிற்சி. அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால், அடுத்த படியில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

2. அதே பாடம், மறுபடியும்!

"போன மாசம் சொல்லிக் கொடுத்ததையே இந்த மாசமும் சொல்லித் தர்றாரே" என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர், கராத்தேயை ஜப்பான் முழுக்கப் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷியின் கதையைத் தெரிந்துகொள்ளலாம். ஒகினாவாத் தீவில் பிறந்த அவர் ஒரு பள்ளி ஆசிரியர். இரவில் தன் குருவின் வீட்டுக்கு நடந்துபோய்க் கற்றவர். 'டெக்கி' என்ற மூன்று பாட வரிசைகளைக் கற்கவே அவருக்குப் பத்து வருடம் ஆனது. அப்படிப் பழகியவர்தான் 1922-ல் டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயை மேடையேற்றினார்.

ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது வாத்தியார் சும்மா நிற்பதில்லை. தோள் தூக்கியிருக்கிறதா, மூச்சு அடைக்கிறதா, பயத்தில் கண் மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். செல்போனில் சிலம்ப வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், வீடியோவைப் பிள்ளை பார்க்கலாம்; வீடியோ பிள்ளையைப் பார்க்காது.

3. அடிக்கத் தெரிவது பாதி, நிறுத்தத் தெரிவது மீதி

பழைய சிலம்பப் போட்டிகளில் கம்பின் நுனியில் நிறப்பொடியோ சந்தனமோ தடவிக்கொள்வது உண்டு. எதிராளியின் உடம்பில் எத்தனை பொட்டு விழுந்தது என்பதுதான் கணக்கு. நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் அது பெரிய வெற்றி. யோசித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மண்டையைப் பிளக்கும் வேகத்தில் வருகிற கம்பு, தொட்டவுடன் நின்றாக வேண்டும்.

வேகத்தைச் சில மாதத்தில் கொண்டுவந்துவிடலாம். அந்த நிறுத்தத்துக்கு வருடங்கள் வேண்டும். கம்பில் பழகியது மனதிலும் ஊறத்தான் இத்தனை நாள். கோபம் வந்தால் கை ஓங்காமல் நிற்பதும் அதே பாடம்தான்.

4. வாங்கியதைத் திருப்பித் தரும் கடன்

மலைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிக்குள் காலெடுத்து வைத்தார். பூப்பெய்தியதும் பெண் பிள்ளைகளை நிறுத்திவிடும் வழக்கம் இருந்த காலம். அவர் நிற்கவில்லை. 1949-ல் தொடங்கப்பட்ட கடத்தநாடன் களரி சங்கத்தின் ராகவன் குருக்கள்தான் அவருடைய ஆசான். பின்னாளில் கணவரும் அவரே. ராகவன் குருக்கள் மறைந்த பிறகு களரியைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டார் மீனாட்சி அம்மா. கட்டணம் என்று எதுவும் கிடையாது. தருகிற தட்சிணையை வாங்கிக்கொள்வார்கள். எழுபது வயதைக் கடந்த பிறகும் வாளும் கேடயமுமாக நின்றவருக்கு, 2017-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

இதைச் சொல்லி எல்லா ஆசான்களிடமும் இலவசத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பகலில் கூலி வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லித் தரும் வாத்தியார்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். டியூஷனுக்கு மாதம் பிறந்ததும் பணம் கட்டும் குடும்பம், சிலம்பத்துக்கு மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' என்பது அந்தக் கலையையே பட்டினி போடுவதாகும்.

பொறுமைக்கும் எல்லை உண்டு

குருபக்தி என்ற பெயரில் எதையும் சகித்துக்கொள்ளத் தேவையில்லை. பிள்ளையை அவமானப்படுத்துபவர், காயம் படும்படி அடிப்பவர், பெற்றோர் வகுப்பைப் பார்க்கக் கூடாது என்பவர், தனியாக வரச் சொல்பவர் யாராக இருந்தாலும், அன்றே பிள்ளையை அழைத்து வந்துவிட வேண்டும். நல்ல ஆசானின் களம் திறந்துதான் இருக்கும்.

அடுத்த முறை பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது முதல் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். "வாத்தியாரய்யா, நீங்க யாருகிட்ட கத்துக்கிட்டீங்க? எத்தனை வருஷம்?"

பல வருடம் நின்று கற்றவர் என்றால், தன் ஆசானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு வரலாம். சான்றிதழ் எங்கேயும் போய்விடாது.