ஸ்பூலுக்கு ஃபுல் ஃபார்ம் எழுதினால்தான் ரெண்டு மார்க்கா?

போன இன்டர்னலில் எனக்கு ரெண்டு மார்க் போச்சு நண்பர்களே. ஸ்பூலிங் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேள்வி. நூல் சுற்றும் ஸ்பூலில் இருந்து வந்தது என்று எழுதினேன். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்திலேயே 'சைமல்டேனியஸ் பெரிபெரல் ஆபரேஷன்ஸ் ஆன்லைன்' என்று திருத்தம். மார்க் போனால் போகட்டும். ஆனால் நான் எழுதியது தப்பில்லை. ஏன்னு சொல்றேன்.

முதலில் எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன். ஐபிஎம் 7070 மெயின்ஃப்ரேமுக்கு 'ஸ்பூல் சிஸ்டம்' என்றே ஒரு புரோகிராம் இருந்தது. துளை அட்டையில் இருப்பதை மேக்னடிக் டேப்பில் ஏற்றும், டேப்பில் இருப்பதை அட்டைக்கும் பிரிண்டருக்கும் அனுப்பும். அந்த நீளமான விரிவைத்தான் புத்தகங்கள் மூலம் என்கின்றன. இல்லை, டேப் சுற்றிய ஸ்பூலைப் பார்த்து வைத்த பெயர், விரிவு பின்னால் ஒட்டவைத்தது என்று இன்னொரு கட்சி. சண்டை இன்னும் முடியவில்லை.

சரி, விரிவு முதல் நாளே இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். டேப் சுருளோடு மல்லுக்கட்டும் புரோகிராமுக்கு ஐந்து எழுத்தும் தற்செயலாகச் சேர்ந்து 'ஸ்பூல்' என்று வந்து உட்கார்ந்ததாக்கும்! நிஜமான சுருக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? நம்ம நாட்டு 'டிஃப்ராக்' மாதிரி. டாடா இன்ஸ்டிடியூட் ஆஃப் ஃபண்டமென்டல் ரிசர்ச் ஆட்டோமேட்டிக் கால்குலேட்டர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எந்த அகராதியிலும் அந்தச் சொல் கிடையாது. ஸ்பூலோ, கம்ப்யூட்டருக்குப் பல நூறு வருஷம் முந்திய நெசவுக்காரர் சொல். ஆக, விரிவு எப்போது வந்திருந்தாலும் சொல்தான் மூத்தது.

1960களில் ஹூஸ்டனில் நாசாவுக்காக எழுதிய 'ஹாஸ்ப்' இன்னொரு சாட்சி. அதில் 'எஸ்' என்பதே ஸ்பூலிங்தான். சுருக்கத்துக்குள் சுருக்கமா? இல்லை, அதற்குள் அது சாதாரண வினைச்சொல் ஆகிவிட்டது. கடைசி 'பி'யை பிரையாரிட்டி என்றும் எழுதுகிறார்கள், புரோகிராம் என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஹாஸ்ப் என்றால் கதவில் பூட்டு மாட்டும் நாதாங்கி. அதுவும் தற்செயல்தானா?

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? நான் பிள்ளையார்பாளையத்துப் பையன். எங்க வீட்டில் அம்மா ராட்டையில் தார் சுற்றி வைப்பாங்க, அப்பா தறியில் நாடா ஓட்டுவார். ஒரு தார் தீர்ந்தால் அடுத்தது கைக்கு எட்டும் தூரத்தில் ரெடி. அம்மா சுற்றி முடிக்கட்டும் என்று தறி நிற்காது. மெதுவான அட்டை ரீடருக்காக வேகமான பிராசஸர் காத்திருக்கக் கூடாது, வேலையை முன்கூட்டியே சுற்றி வை. இதைத்தானே சார் ஸ்பூலிங் என்று பாடம் நடத்துறீங்க?

நூலைச் சொன்னால் பெயரோடு விஷயமும் புரிகிறது. அந்த நாலு ஆங்கில வார்த்தையை மனப்பாடம் செய்தவனுக்கு மார்க் மட்டும்தான் கிடைக்கிறது. பதினெட்டு வருஷமாகத் தார் சத்தம் கேட்டு வளர்ந்தவன் விடையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பரீட்சையில் முட்டை வாங்குகிறான்.

என் ரெண்டு மார்க் திரும்ப வேண்டாம். அடுத்த செட்டுக்கு நோட்ஸ் கொடுக்கும்போது, ஃபுல் ஃபார்முக்குப் பக்கத்தில் "இப்படியும் சொல்வார்கள், ஆனால் இது நூல்காரர் சொல்" என்று ஒரு வரி சேருங்கள். போதும்.