எண்ணுக்கும் பெட்டிக்கும் அளவு பாருங்கள்!

ஒரே ஓர் எண், பிரமாண்டமான ராக்கெட்டை அழித்துவிட்டது!

கதை அல்ல, நடந்த சம்பவம்.

தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா என்ற பகுதி இருக்கிறது. அங்கே கூரு என்ற ஊரில் ராக்கெட் தளம் உண்டு. 1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, ஐரோப்பிய நாடுகளின் "ஏரியன்-5" ராக்கெட் அங்கிருந்து முதன் முதலாகக் கிளம்பியது. அதில் 4 செயற்கைக் கோள்கள் இருந்தன. நல்ல வேளை, ஆட்கள் யாரும் இல்லை.

சுமார் 40 வினாடிதான் ஆயிற்று. 3,700 மீட்டர் உயரத்தில் ராக்கெட் திசை மாறியது. வெடித்துச் சிதறியது.

ஏன்?

இரண்டு வகைப் பெட்டி

கம்ப்யூட்டர், எண்களைப் பெட்டிகளில் போட்டு வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வகைப் பெட்டியில் இரண்டு அறைகள். ஒன்றில் இலக்கங்கள். மற்றதில் "அடுக்கு". புள்ளி எத்தனை இடம் தள்ளி நிற்கிறது என்பதை அடுக்கு சொல்லும். இதற்கு "மிதக்கும் புள்ளி எண்" என்று பெயர். 64 பிட் பெட்டி என்றால், 1-க்குப் பின் 308 சைபர் போட்ட எண்ணும் அதில் அடங்கும். அதையும் தாண்டிப் பெரிதானால், அடுக்கு அறை கொள்ளாது.

இன்னொரு வகை, முழு எண் பெட்டி. இதில் அடுக்கு கிடையாது. 16 பிட் பெட்டியில் 32,767 வரைதான் போடலாம்.

ஏரியன்-5 ராக்கெட்டில், பக்கவாட்டு வேகம் பற்றிய ஓர் எண்ணைப் பெரிய பெட்டியிலிருந்து சிறிய பெட்டிக்கு மாற்றினார்கள். அடங்கவில்லை. திசை அறியும் கருவி நின்றுவிட்டது. துணைக் கருவியிலும் அதே புரோகிராம்தான். அதுவும் நின்றுவிட்டது!

யார் குற்றம்?

அந்தப் புரோகிராம், பழைய ஏரியன்-4 ராக்கெட்டுக்காக எழுதியது. அதில் ஒழுங்காக ஓடியது. புது ராக்கெட்டுக்குப் பக்கவாட்டு வேகம் அதிகம். அந்த வேகத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டரின் தவறு" என்று சொல்வது சுலபம். அது நியாயம் அல்ல. "எண் கொள்ளவில்லை" என்று கம்ப்யூட்டர் சொல்லத்தான் செய்தது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்று மனிதர்கள் எழுதி வைக்கவில்லை. 7 எண்களில் 4-க்குக் காவல் போட்டார்கள். 3-ஐ விட்டுவிட்டார்கள். விட்டதில் ஒன்றுதான் ராக்கெட்டை வீழ்த்தியது.

இன்று பாங்கி, ஆஸ்பத்திரி, ரெயில்வே எங்கும் கம்ப்யூட்டர்தான். ஆகவே, புரோகிராம் கற்றுக் கொடுப்பவர்கள் எண்களின் எல்லையை முதல் பாடமாகச் சொல்லித் தரவேண்டும். ஓடினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை புரோகிராம் படிக்கிறதா? இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பெட்டியில் எவ்வளவு கொள்ளும்? கொள்ளாவிட்டால் என்ன செய்வாய்?"

பதில் சொன்னால், தட்டிக் கொடுங்கள்!