லயத்துப் பிள்ளைக்கும் ஒரு முகவரி

பேனா நண்பர் என்னும் சொல்லை இன்றைய மாணவர் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். எனக்கோ அது பசறைப் பாதையோரத்துத் தோட்டமொன்றின் லயத்தையும், மழையில் நனைந்த ஒரு நீலநிற உறையையும் நினைவூட்டுவது. 1968இல் நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. கொழும்புப் பத்திரிகையொன்றின் சிறுவர் பக்கத்தில் என் பெயர் அச்சாயிற்று. மூன்றாம் கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து என் வயதொத்த சிறுவன் ஒருவன் எழுதினான். கடலைப் பற்றி எழுதியிருந்தான். நான் கடலைக் கண்டதில்லை. அவன் பனிமூட்டத்தைக் கண்டதில்லை. இரண்டாண்டுகள் இவ்விரண்டையும் ஒருவர்க்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த நட்பிற்குக் காவல் இருந்தது. சிறுவர் பக்கத்தை நடத்திய பெரியவரை நாங்கள் மாமா என்றே அழைத்தோம். வயது, வகுப்பு, ஆசிரியரின் கையொப்பம் இவையின்றி அவர் எவர் பெயரையும் வெளியிடார். இலங்கை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியிலும் ஒரு வானொலி மாமா இருந்தார். முன்பின் அறியாப் பிள்ளைகள் பலர் கூடிய அவைகள் அவை. நடுவில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்ததால் பெற்றோர் அஞ்சவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அவ்வளவே. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வரும். பெரட்டுக் களத்தில் பெயர் கூவப்படும். கூவப்படாத கடிதங்கள் எத்தனை என்பதை யார் அறிவார்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இருந்தது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனும் பின்னர் பெற்றோருடன் தலைமன்னார்க் கப்பலேறினான். போய்ச் சேர்ந்ததும் எழுதுவதாகச் சொன்னான். எழுதினானா, எழுதியது கந்தோரிலேயே தங்கிவிட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டு இலக்கமின்றிக் கந்தோர் வழியாகவே கடிதம் பெறும் லயங்கள் ஊவாவில் இன்றும் உண்டு.

இந்தப் பழங்கதையை நான் சொல்வதற்குக் காரணம், நம் பிள்ளைகளின் கையில் இப்போது கைப்பேசி இருப்பதே. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அது பாடத்தின் பெயரால் லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்தது. 2021இல் லுணுகலைப் பக்கத்தில், காட்டினுள்ளே சுமார் 30 அடி உயரத்து மரக்குடிலுக்குப் பிள்ளைகளைப் பெரியவர்கள் அழைத்துச் சென்று இணைய அலையைப் பிடித்த செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. பாடசாலைகள் திறந்தன, கைப்பேசி திரும்பிப் போகவில்லை. தாய் வளைகுடா நாட்டிலும் தந்தை கொழும்பிலும் உழைக்க, பாட்டியின் நிழலில் வளரும் பிள்ளைக்குத் தாயின் முகம் அந்தக் கண்ணாடியிலேயே தெரிகிறது. அதைப் பறித்துவிடுங்கள் என்பார்க்கு இந்நிலைமை தெரியாது.

முகநூல் 13 வயதுக்குக் குறைந்தோரைச் சேர்ப்பதில்லை என்கிறது. ஆகவே, பிறந்த ஆண்டைப் பொய்யாக இடுவதே பிள்ளை இணையத்தில் கற்கும் முதற்பாடமாகிறது. அப்புறம் அங்கே யார் யாரோ பேசுகிறார்கள், யாரென்று கேட்பாரில்லை. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10ஆம் நாள் முதல் 16 வயதுக்குட்பட்டோர் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. அதனை நான் பழிக்க வரவில்லை. திறந்த சந்தையில் குழந்தையை விடலாகாது என்பதே என் கருத்தும். ஆனால் சந்தைக்கு அனுப்பாத குழந்தையை வீட்டினுள் பூட்டிவைத்துவிட்டால் போதுமா? டிவிஷனுக்கு அப்பால் ஒரு சிநேகிதனையும் அறியாமல் வளரும் பிள்ளைக்கு, சந்தையன்றி ஒரு முற்றம் வேண்டாமா?

முகநூல் நிறுவனமே 2017இல் சிறுவர்க்கென வெளியிட்ட மெசெஞ்சர் கிட்ஸ் என்பதில், பெற்றோர் ஒப்புக்கொண்டவரோடு மட்டுமே பிள்ளை பேசலாம். வணிகரின் கருணையில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. ஆயினும் அந்த முறை, நம் சிறுவர் பக்க மாமாவின் முறையே.

ஓய்வுபெற்ற பின் ஆசிரிய நண்பர் சிலருடன் இதனைச் செய்து பார்த்தேன். மேட்டில் ஒரு தோட்டப் பாடசாலை, பள்ளத்தில் ஒரு சிங்களப் பாடசாலை, கரையோரத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலை. பிள்ளைகளுக்குக் கணக்கு இல்லை. வீட்டுப் பெரியவரின் கைப்பேசியிலிருந்து குரற்பதிவும் படமும் பொறுப்பாசிரியருக்கு வரும். அவர் கேட்டுப் பார்த்த பின்னரே வட்டத்துக்குப் போகும். மேட்டுப் பிள்ளைகளும் பள்ளத்துப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் பதுளைக்குப் போகிறவர்கள். ஆயினும் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்ததில்லை. முதல் மாதத்தில், கொழுந்து என்பதற்குச் சிங்களத்தில் என்ன, வெசாக் கூட்டுக்குத் தமிழில் என்ன என்றே பேசிக்கொண்டார்கள். கரையோரத்துச் சிறுமி ஒருத்தி கடலின் ஓசையைப் பதிந்து அனுப்பினாள். எங்கள் பிள்ளைகள் பாட்டியின் கைப்பேசியைக் காதில் வைத்து மூன்று முறை கேட்டார்கள், நானும் கேட்டேன்.

தீங்கே வராது என்று நான் சொல்லேன். ஒரு வீட்டார் கைப்பேசியை விற்றுவிட, அவர்களுடைய இலக்கத்தோடு அந்நியன் ஒருவன் வட்டத்துக்குள் இருந்தான். பொறுப்பாசிரியை அன்று மாலையே கண்டுபிடித்து நீக்கினார். அவர் கவனியாதிருந்தால்? ஆகவேதான் வட்டம் சிறிதாக இருக்கவேண்டும் என்கிறேன். முப்பது பிள்ளைகளுக்கு மேல் ஒருவரால் காக்க இயலாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்தோம். ஓர் ஆண்டைப்போல் இருப்பதால் அவர்கள் மறப்பதில்லை.

டேட்டாவுக்கான செலவை அந்த ஆசிரியை தம் சம்பளத்திலிருந்தே கொடுக்கிறார். இது நெடுநாள் நடவாது. மாகாணக் கல்வித் திணைக்களம் இதனையும் சாரணர் இயக்கம்போல் ஒரு புறப்பாட வேலையாகக் கணித்து, சிறுதொகை ஒதுக்கவேண்டும்.

அனுமதிப் படிவத்தில் "தாய் அல்லது தந்தை" என்று அச்சிட்டிருந்தோம். எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பாட்டிமாரே பெருவிரல் பதித்தனர். வட்டம் இன்னது, யார் யார் அதில் இருப்பர், பிள்ளை என்ன பேசலாம், எதைப் பேசலாகாது என்று ஒரு பாட்டிக்கு விளக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. அத்தகைய பிற்பகல்கள் சிலவற்றையே ஆசிரிய நண்பர்களிடம் நான் கேட்கிறேன்.