பல்லைப் பார்த்த பிறகு மீட்டரைப் பாருங்கள்

நம் தகப்பனார் காலத்தில் சரக்கு ஏற்ற வண்டி மாடு வாங்குவதென்றால் சந்தையில் முதல் வேலை மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுதான். நடை, சுழி, திமில் எல்லாம் அதற்கு அப்புறம். "இது வேலையே பார்க்காத மாடு, சும்மா கட்டிப் போட்டது" என்று தரகர் சொன்னால் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடும். கட்டிப் போட்ட மாட்டுக்குக் கால் பிடித்துப் போயிருக்கும் என்பார். அவர் பிள்ளையாகப் பிறந்த நாம், 2019-ல் ஒரு பழைய வெளிநாட்டுக் கம்பெனிக் கார் வாங்கியபோது பல்லைப் பார்க்க மறந்தோம். கிலோமீட்டரை மட்டும் பார்த்து மயங்கினோம். அந்த அனுபவத்தை நம் சங்க அன்பர்கள் முன் வைக்க வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தோம்.

இப்போது எழுதக் காரணம் உண்டு. புதிய சிறிய கார் விற்கும் விலைக்கு, பத்து வயதான பென்ஸோ, பி.எம்.டபிள்யூவோ, ஆடியோ கிடைக்கிறது. பையனுக்குக் கல்யாணம், கடைக்கு வெள்ளி விழா என்று நம் வணிகப் பெருமக்கள் பலர் அதில் ஆசை வைக்கிறார்கள். ஆசையில் குற்றமில்லை, உழைத்த பணம். ஆனால் நம்மிடம் யோசனை கேட்டு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் முதலில் சொல்வது, "அண்ணாச்சி, முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்பதே. எந்த வருடத்துக் கார் என்பதை நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

நாம் பட்டது

நாம் வாங்கிய கார் 2009-ஆம் வருடத்தியது. மீட்டரில் 28,000 கிலோமீட்டர். விலை 9 லட்சம். ஒரே கை, மதுரை நகருக்குள்ளேயே ஓடியது. பெயின்ட் மின்னியது. டயரில் பட்டன் தேயவே இல்லை. மூத்த மகன் மட்டும், "பத்து வருசம் ஆச்சேப்பா" என்றான். "ஓடாத வண்டிடா" என்று அவன் வாயை அடைத்தோம்.

இரண்டாவது மாதம், விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போகையில் திருமங்கலத்துக்கு முன்பாகப் பின்பக்க டயர் வெடித்தது. பின் சீட்டில் பேரன் இருந்தான். வேகம் குறைவு, தெய்வாதீனமாக யாருக்கும் எதுவும் இல்லை. பஞ்சர் கடைக்காரர் டயரின் பக்கவாட்டைத் துடைத்து நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1409. 2009-ஆம் ஆண்டின் 14-வது வாரம் தயாரித்த டயர் என்று அர்த்தம். பட்டன் தேயவில்லை, ஆனால் பக்கவாட்டு ரப்பர் பொரிந்து போயிருந்தது. பூச்சி விழாத பருப்பு மூட்டை என்று வாங்கி வந்து, பிரித்தால் உள்ளே சிக்கு வாடை அடிப்பது போல ஆனது நம் கதை.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அந்தக் காருக்கு இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. ஒருநாள் காலையில் வாசலுக்கு வந்தால் முன்பக்கம் ஒட்டகம் மண்டியிட்டது போல உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பைகளும் வெடிப்பு. அதற்கடுத்து ரேடியேட்டர் தண்ணீர் டப்பா விரிசல்; ஹோஸ்கள்; எஞ்சினில் ஆயில் கசிவு; பேட்டரி. ஒன்றரை வருடத்தில் 3 லட்சத்து 70 ஆயிரம். மாசி, பங்குனியில் மல்லி வரத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அதில் போயிற்று. அந்தச் சீசனில் வட்டிக்கு வாங்கிச் சரக்குப் பிடித்தோம். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான்.

பக்கத்துக் கடைக்காரர் வாங்கியது

அதே 2019-ல் பக்கத்துக் கடை பருப்பு வியாபாரி அதே கம்பெனியின் 2015-ஆம் வருடக் காரை 14 லட்சத்துக்கு வாங்கினார். மீட்டரில் 1,10,000. நாம் உள்ளுக்குள் சிரித்தோம். சென்னைக்கும் ஊருக்கும் வாராவாரம் போய்வந்த ஒருவருடைய கார் அது. சர்வீஸ் ரசீதுகள் ஒன்று விடாமல் ஒரு கோப்பில் இருந்தன.

பிறகு ஒருநாள் சிட்டைப் பின்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் கார் நான்குவழிச் சாலையில் சராசரி 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருந்தால் 1,10,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் ஓடியது 2,000 மணி நேரம். நம் கார் மாசி வீதி நெரிசலில் சராசரி 14 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்திருந்தால் 28,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் ஓடியதும் அதே 2,000 மணி நேரம். வேலை ஒன்றுதான், மீட்டர்தான் வேறு. அதிலும் நம் காரை ஐந்து கிலோமீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி எடுத்திருந்தால் 5,600 தடவை ஸ்டார்ட் ஆகியிருக்கும். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்தால் உள்ளே சேரும் ஈரம் ஆயிலில் தங்கிவிடும், தேய்மானம் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

முடிவையும் சொல்லிவிடுகிறோம். 2022-ல் நம் காரை 4 லட்சத்துக்குத் தள்ளிவிட்டோம். 9 லட்சம் விலை, 3.70 லட்சம் ரிப்பேர், மொத்தம் 12.70. விற்றது போக 8.70 லட்சம். மூன்று வருடத்துக்கு, வருடம் 2.90 லட்சம். பக்கத்துக் கடைக்காரர் ஆறு வருடம் ஓட்டி, 2.20 லட்சம் செலவு செய்து, 4.20 லட்சத்துக்கு விற்றார். வருடத்துக்கு 2 லட்சம்தான் விழுந்தது. வொர்க்‌ஷாப் வாசலில் நாம் உட்கார்ந்திருந்த நாட்களில் கடையில் போன வியாபாரத்தை இதில் சேர்க்கவில்லை.

எதை எது தேய்க்கிறது

கிலோமீட்டரைப் பார்க்கவே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஓட்டம் தேய்ப்பது வேறு, காலம் தின்பது வேறு. பிரேக் டிஸ்க், வீல் பேரிங், கியர் பாக்ஸ், டர்போ, டீசல் இன்ஜெக்டர் இவையெல்லாம் ஓட ஓடத் தேயும். ரப்பர் புஷ், ஹோஸ், காற்றுப் பை, பிளாஸ்டிக் டப்பா, ஒயரின் மேலுறை, டயர், பேட்டரி, பிரேக் ஆயில் இவை நின்றிருந்தாலும் வயதாகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பல கம்பெனிகள் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. டைமிங் பெல்ட் உள்ள கார்களில் கையேட்டில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முந்துகிறதோ அது என்றே போட்டிருப்பார்கள். சாதாரணக் காரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் மாற்றச் சில ஆயிரம். ஆடம்பரக் காரில் அவை எண்ணிக்கையிலும் அதிகம், விலையும் மிக அதிகம். ஆகவே கார் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு வயது முக்கியம்.

இன்சூரன்ஸ் கணக்கைப் பாருங்கள். முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம், நான்கு முதல் ஐந்து வருடத்துக்குள் 50 சதவீதம் என்று காரின் மதிப்பைக் குறைப்பது வயதை வைத்தே. அதில் கிலோமீட்டருக்கு ஒரு காலமே கிடையாது. ஐந்து வருடத்துக்கு மேல் பேசி முடிவு செய்யும் மதிப்புதான். சாதாரண பாலிசியில் விபத்து கிளெய்ம் வந்தால் ரப்பர், பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதிதான் கிடைக்கும். பத்து வயதைத் தாண்டிய காருக்கு இரும்புச் சாமானுக்கும் பாதிதான். அரசாங்கமும் வயதைத்தான் பார்க்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 வருடம். அதற்குமேல் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. நேரடியாக இறக்குமதி செய்த காருக்கு 40,000. பசுமை வரியும், தகுதிச் சான்றும் தனி.

டெல்லிக் கார் மலிவு என்று வாங்கி வருபவர்களும் இதை யோசிக்க வேண்டும். அங்கே 10 வயதான டீசல் காரையும் 15 வயதான பெட்ரோல் காரையும் ஓட்டக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025-ல் அந்த நிலை தளர்ந்தும் மாறியும் வந்திருக்கிறது. எட்டு, ஒன்பது வயது டீசல் கார்கள் தெற்கே மலிவாக வந்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். நம் மாநிலத்தில் மறுபதிவும் வாழ்நாள் வரியும் சேர்த்த பிறகு மலிவா என்று பாருங்கள்.

குறைந்த கிலோமீட்டர் என்றால் ஏன் என்று கேளுங்கள்

வருடத்துக்குப் பத்தாயிரம் முதல் பதினையாயிரம் கிலோமீட்டர் இயல்பு. நாலாயிரத்துக்கும் கீழே என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். மூன்று பதில்கள் உண்டு. நின்றிருந்தது; அல்லது மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்; அல்லது தண்ணீரில் முங்கியது.

டிஜிட்டல் மீட்டரைக் கருவி வைத்துக் குறைப்பது இன்று பெரிய வித்தை அல்ல. சர்வீஸ் ரசீது, பழைய இன்சூரன்ஸ் ஆய்வு, கம்பெனி வொர்க்‌ஷாப் கணினிப் பதிவு மூன்றையும் ஒப்பிட்டால் வெளிவரும். முப்பதாயிரம் என்று சொல்லும் காரில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழு என்றும், ஸ்டியரிங் தோல் பளபளப்பாகவும், டிரைவர் சீட்டின் ஓரம் நைந்தும் இருந்தால் தராசில் கல் குறைகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனை கார்கள் வெள்ளத்தில் நின்றன என்று நாம் கண்டோம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; சேற்றுக் கறை அங்கே மறையாது. கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள். சரக்கை மோந்து பார்த்தே நாற்பது வருடம் பிழைத்தவர்கள் நாம். காரில் மட்டும் ஏன் கூச்சம்?

எரிபொருளையும் யோசியுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நீண்ட ஓட்டத்தில்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டுக்கும் கடைக்கும் மூன்று கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது அடைத்துக்கொள்ளும். அவருக்கு பெட்ரோலே மேல். ஆனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இன்று பரவலாகக் கிடைப்பதால், பழைய பெட்ரோல் காரின் கையேட்டில் எவ்வளவு கலப்புக்கு அனுமதி என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நம் யோசனை

நாலு, ஐந்து வயது. முழு சர்வீஸ் ரசீது. நெடுஞ்சாலையில் ஓடிய எண்பதாயிரம் முதல் ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர். கிலோமீட்டரைக் கண்டு மற்றவர்கள் பயப்படுவதால் விலை குறைந்து கிடைக்கும். நம் பார்வையில் வாங்க ஏற்றது அதுதான். ஒன்றரை லட்சத்தைத் தாண்டியதென்றால் கியர் பாக்ஸையும் டர்போவையும் தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். பத்து வயதுக் காரை வாங்கித்தான் தீருவேன் என்றால், விலையில் மூன்றில் ஒரு பங்கை ரிப்பேருக்கெனத் தனியே எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். அந்தப் பங்கு கையில் இல்லையென்றால் அந்தக் கார் நமக்கில்லை.

கடைப் பெயரில் வாங்குவோர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும். வருமான வரியில் சாதாரணமாக வருடம் 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க நமக்கு வழியில்லை. எழுதிக் குறைந்த மதிப்புக்கு மேல் விற்றால், அந்த வித்தியாசத்துக்கு 18 சதவீத வரி உண்டு.

கடைசியாக ஒன்று. பழைய அரிசிக்கு விலை அதிகம், பழைய புளி கறுத்துப் போகும் என்று எந்தச் சரக்குக்கு வயது நல்லது, எதற்குக் கெடுதல் என்று நமக்குச் சொல்லித் தர ஆள் வேண்டாம். மூட்டைக்கு எடையும் பார்க்கிறோம், தேதியும் பார்க்கிறோம். கிலோமீட்டர் என்பது எடை; வருடம் என்பது தேதி. காரும் ஒரு சரக்குதான். அன்று மகன் சொன்னதைக் கேட்டிருந்தால் நமக்கு நஷ்டமில்லை. அன்பர்களாவது, வீட்டில் யாராவது "எந்த வருசம்?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.