எண்ணுக்கும் முகவரி வேண்டும்

கணினி தவறு செய்யாது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். நாம் செய்யும் தவற்றை அது மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

கடந்த ஆண்டு நம் கழகம் மூன்று தமிழ்ப்பள்ளிகளின் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வார இறுதியில் பிரத்தியேக வகுப்பு நடத்தியது. மலாய்மொழி, கணிதம் ஆகிய இரு பாடங்களிலும் நான்கு சோதனைகள் வைத்தோம். பள்ளிவாரியாகச் சராசரிப் புள்ளிகளைத் தொகுத்து அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு. புள்ளியியல் மாணவன் என்ற மிதப்பு வேறு!

மூன்று பள்ளி, இரண்டு பாடம், நான்கு சோதனை. ஆக 24 எண்கள். 'ஆர்' என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் இத்தகைய தரவை 'அரே' எனப்படும் பல பரிமாண அமைப்பில் வைக்கலாம். வீட்டிலுள்ள அடுக்குச் சட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வோர் அடுக்கும் ஒரு சோதனை. அதற்குள் பள்ளிகள் கிடைவரிசையில், பாடங்கள் செங்குத்து வரிசையில். எண்களைக் கொடுத்து, அளவு 3, 2, 4 என்று சொன்னால் போதும். பிறகு [ , , 1] என்று கேட்டால் முதல் சோதனையின் அட்டவணை வரும். [2, , ] என்றால் இரண்டாம் பள்ளியின் எல்லாப் புள்ளிகளும் வரும்.

நான் தாளைப் பார்த்து இடமிருந்து வலமாகத் தட்டச்சு செய்தேன். ஆர் அப்படி நிரப்புவதில்லை. முதல் செங்குத்து வரிசையை மேலிருந்து கீழாக நிரப்பிய பிறகுதான் அடுத்ததற்குப் போகும். இதனால் இரண்டாம் பள்ளியின் மலாய்மொழிக் கட்டத்தில் முதல் பள்ளியின் கணிதப் புள்ளி போய் உட்கார்ந்துகொண்டது. எண்கள் சரியாக 24 இருந்ததால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நான் சரிபார்க்காமலும் இல்லை. ஒவ்வோர் அட்டவணையிலும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் தாளோடு ஒப்பிட்டேன். ஆறு கட்டங்களில் அந்த இரண்டு மட்டும்தான் எப்படி நிரப்பினாலும் இடம் மாறாதவை!

இரண்டாம் பள்ளி மலாய்மொழியில் பின்தங்கியுள்ளது என்று எழுதிவிட்டேன். செயலவையும் அதை நம்பி அப்பள்ளிக்குக் கூடுதல் மலாய் வகுப்பு ஏற்பாடு செய்தது. கணிதத்தில் உண்மையாகவே தடுமாறிய முதல் பள்ளிப் பிள்ளைகளை மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. "எங்க பிள்ளைங்க மலாய்ல அவ்வளவு மோசமில்லையே தம்பி, தாளை இன்னொரு தடவ பாருங்க" என்று இரண்டாம் பள்ளி ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் சொன்ன பிறகே என் கண் திறந்தது.

தொழில்நுட்பத் தீர்வு எளிது. இரு பரிமாண அணிக்குக் கிடைவரிசையாக நிரப்பும் வசதி உண்டு. அரேக்கு அது இல்லை. பாடத்தை முன்னே வைத்து 2, 3, 4 என்று அளவு கொடுத்து, பின்னர் 'அபெர்ம்' என்ற கட்டளையால் பரிமாணங்களை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் என் கருத்து வேறு. பரிமாணங்களுக்குப் பெயர் சூட்டாத அரேயை வைத்து யாரும் அறிக்கை எழுதக்கூடாது. 'டிம்நேம்ஸ்' இதற்காகவே இருக்கிறது. நேர விரயம் என்கிறார்கள் என் வகுப்புத் தோழர்கள். பெயர் வைத்ததும் எண் தானாகத் தன் இடத்துக்குப் போய்விடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எண்ணுக்கு எதிரே பள்ளியின் பெயர் நின்றால், அப்பள்ளியை அறிந்த எவரும் தவற்றைச் சுட்டிக்காட்ட முடியும். 'இரண்டாவது வரிசை' என்று மட்டும் நின்றால் யார் கேட்பது?

ஆரிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ஆறு பெரிய துறைகளில் மேற்பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்த 4,526 பேரின் தரவு அது: முடிவு, பால், துறை என 2, 2, 6 அளவில் பெயரிட்ட அரே. துறையை விட்டுவிட்டுக் கூட்டினால் ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 30 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அநீதி என்றுதான் தோன்றும். துறைவாரியாகப் பார்த்தாலோ ஆறில் நான்கில் பெண்களின் விழுக்காடே அதிகம். 'ஏ' துறையில் பெண்கள் 82, ஆண்கள் 62. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தனர். ஒரு பரிமாணத்தின் பெயர் உதிர்ந்ததும் கதையே தலைகீழாகிறது. இந்திய மாணவர் இத்தனை விழுக்காடு என்று யாராவது ஒற்றை எண்ணை நீட்டும்போது, எதையெதைக் கூட்டி அந்த எண் வந்தது என்று இப்போதெல்லாம் கேட்கிறேன்.

இவ்வாண்டு வகுப்புத் தரவில் பள்ளிப் பெயர்களை முழுமையாகத் தட்டச்சு செய்யச் சொன்னதற்கு இளைய மாணவர் இருவர் முணுமுணுத்தனர். அறிக்கையின் முதல் படி இம்முறை செயலவைக்கு முன்பே அந்த ஆசிரியைக்குப் போனது.